மனசுக்கும் மருந்து உண்டு

பஞ்சாப் மாநிலத்தில் அமிர்தசரஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. சீக்கியர்களின் பொற்கோயில் உள்ள ஊர். அங்கே ஒரு மனநல மருத்துவமனை உண்டு. 1950களில் அதற்கு ஒரு டாக்டர் பொறுப்பாக இருந்தார். அவர் பெயர் வித்யாசாகர்.

அந்தக் காலத்து மனநல மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். உயரமான மதில். பெரிய பூட்டு. வீட்டார் நோயாளியைக் கூட்டி வருவார்கள். உள்ளே விடுவார்கள். ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு பலரைப் பார்க்க யாரும் வருவதில்லை. கடிதம் கூட வராது. நோய் குறைந்தாலும் கூட்டிப் போக ஆள் இருக்காது. பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து அங்கேயே இறந்தவர்கள் உண்டு.

அமிர்தசரஸில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. 1947ஆம் ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குப் போனது. அந்த ஊர் மனநல மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950ஆம் ஆண்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதில் நிறையப் பேர் அமிர்தசரஸுக்கு வந்தார்கள். மருத்துவமனையில் நெருக்கடி.

வித்யாசாகர் ஒரு காரியம் செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டார். "நோயாளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்களும் கூடவே தங்குங்கள்" என்று வீட்டாரிடம் சொன்னார். தாய் தங்கினாள். அண்ணன் தங்கினான். மனைவி தங்கினாள். கூடாரத்திலேயே சமையல், சாப்பாடு. டாக்டர் நோயாளியோடு பேசினார். வீட்டாரோடும் பேசினார். இது என்ன நோய், எப்படிக் குறையும், மருந்து என்ன செய்யும் என்று சொல்லிக் கொடுத்தார்.

பக்கத்துக் கூடாரத்தில் இன்னொரு குடும்பம் இருக்கும். அவர்கள் வீட்டிலும் இதே நோய். 'நம் வீட்டில் மட்டும்தான் இப்படி' என்று நினைத்தவர்கள் அப்போதுதான் மூச்சு விட்டார்கள். நோயாளிகள் குணமானதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். கூட்டிப் போக ஆள் தேட வேண்டியதில்லை. ஆள் கூடவே இருந்தாரே!

நம் வேலூரிலும் இந்த வழி வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு 1957ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கேயும் நோயாளியோடு வீட்டார் தங்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பலர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலே தூக்குச்சட்டியோடு நாலு பேர் போகிற நாடு இது. மனசு சரியில்லை என்றால் மட்டும் ஏன் அந்த நாலு பேர் காணாமல் போகிறார்கள்?

வெளியே தெரியாத நோய்

2015, 2016ஆம் ஆண்டுகளில் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்கள் 100 பேரில் 10 பேருக்கும் சற்று மேலானவர்களுக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்கு நோய் 100க்கு 70 பேர் முதல் 92 பேர் வரை இருந்தார்கள்.

உங்கள் தெருவில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் 100 பேர் இருந்தால் 10 பேர். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அவர்களில் சிலருக்கே தங்களுக்கு நோய் என்று தெரியாது.

மனநோய் என்றதும் நமக்கு ஒரு படம்தான் மனதில் வரும். கிழிந்த துணி, சடை பிடித்த தலை, தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவர். அது நோய் முற்றிய நிலை. கவனிக்க ஆள் இல்லாத நிலை. பெரும்பாலோர் அப்படி இல்லை. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். அடுப்பு பற்ற வைக்கிறார்கள். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே மட்டும் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

மனச்சோர்வு என்று ஒரு நோய். ஆங்கிலத்தில் டிப்ரஷன் என்பார்கள். துக்கம் எல்லோருக்கும் வரும். சாவு விழுந்தால் அழுவோம். பயிர் கருகினால் இடிந்து போவோம். அது நோய் அல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுக்க மனசு கனமாகவே இருக்கிறது, எதிலும் பிடிப்பு இல்லை, பசி இல்லை, விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து தூக்கம் போய்விடுகிறது, செய்யாத தப்புக்கெல்லாம் தன்னையே திட்டிக்கொள்கிறார், செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறது. இப்படி இருந்தால் அது நோயாக இருக்கலாம்.

நம் ஊரில் இதை யாரும் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி என்பார்கள். கை கால் குடைச்சல் என்பார்கள். நெஞ்சு படபடக்கிறது, உடம்பில் சத்தே இல்லை என்பார்கள். ஊசி போடச் சொல்வார்கள். குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பணமும் கரைந்துவிடும். வலி பொய் அல்ல. உண்மையாகவே வலிக்கும். ஆனால் வலி கிளம்பும் இடம் வேறு.

இன்னொரு வகை நோயும் உண்டு. இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாகத் தோன்றும். சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுவார். குளிக்க மாட்டார். ஒதுங்கி ஒதுங்கிப் போவார். இது மனச்சிதைவு. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும். 'நன்றாகப் படித்த பையன், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று வீட்டில் சொல்வார்கள். மூளையில் சில ரசாயனப் பொருள்கள் உண்டு. அவற்றின் வேலையில் ஏற்படும் கோளாறுக்கு இந்த நோயில் பங்கு இருக்கிறது. அதைச் சரிப்படுத்த மாத்திரைகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலன் கிடைக்கும்.

காரணம் ஒன்று அல்ல. சில குடும்பங்களில் வழிவழியாக வரும் வாய்ப்பு இருக்கிறது. கடன், பட்டினி, குடிகாரக் கணவனின் அடி, வேலை போனது, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாம் சேர்ந்து அழுத்தும். சாதியைச் சொல்லி நாள்தோறும் இழிவுபடுத்தினால் அந்த மனசு என்ன ஆகும்? அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் யார் செய்த பாவமும் இதற்குக் காரணம் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

ஒரு வீட்டு வாசலில்

இது எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. குழந்தைக்குத் தடுப்பூசி விவரம் சொல்லக் கிராம நர்ஸ் ஒரு வீட்டுக்கு வருகிறார். மாமியார் அவரை ஓரமாகக் கூப்பிடுகிறார்.

"நர்ஸம்மா, குழந்தை பிறந்து இருபது நாள் ஆச்சு. மருமகள் பிள்ளையைத் தூக்கவே மாட்டேங்கிறா. சோறு இறங்கலை. ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு அழுவுறா."

"பிரசவத்துக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தாங்க?"

"நல்லா இருந்தாம்மா. காத்து கருப்பு பட்டிருக்கும்னு மந்திரிக்கக் கூட்டிப் போனோம். தாயத்துக் கட்டினார். மூணு நாள் தேவலை. மறுபடியும் அதேதான்."

"தாயத்து இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம். நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"ஐயோ! ஆஸ்பத்திரிக்கா? பைத்தியம்னு பேரு கட்டிடுவாங்களே. என் சின்ன மகளை வேற பொண்ணு பார்க்க வர்றாங்க."

"போன வருஷம் உங்களுக்குச் சர்க்கரைன்னு சொன்னப்போ யார்கிட்ட மறைச்சீங்க?"

"அதை எதுக்கு மறைக்கணும்? கல்யாண வீட்டில் பாயசம் ஊத்த வந்தாக்கூட, எனக்குச் சர்க்கரை, வேண்டாம்னு சத்தமாத்தான் சொல்லுவேன்."

"இதுவும் அது மாதிரிதாம்மா. பிரசவம் ஆனதும் உடம்பில் பெரிய மாறுதல் நடக்குது. சில பேருக்கு அது மனசைத் தாக்கும். உங்க மருமகளுக்குப் பிள்ளை மேல பாசம் இல்லாம இல்லை. இது நோய். சரியாகும். டாக்டர்கிட்ட பால் கொடுக்கிற தாய்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மருந்து கொடுப்பாங்க."

"ஊரில் கேட்டா என்ன சொல்றது?"

"உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறோம்னு சொல்லுங்க. அதுதானே உண்மை?"

அந்த நர்ஸ் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போவார். தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. பிள்ளைக்கோ தனக்கோ தீங்கு செய்துகொள்ளும் பேச்சு வந்தால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், நாளை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

மாமியார் மேல் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மனநோய் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிகிறது. வாடகை வீடு கிடைப்பதில்லை. வேலையில் இருந்து நிறுத்துகிறார்கள். ஏற்கெனவே ஊரில் தாழ்வாகப் பார்க்கப்படும் குடும்பம் என்றால் பயம் இரண்டு மடங்கு. இந்தப் பேரும் சேர்ந்தால் தலை நிமிரவே முடியாது என்று நினைக்கிறார்கள். அதனால் மறைக்கிறார்கள். மறைத்த நாட்களில் நோய் வளர்கிறது. ஆகவே திருத்த வேண்டியது அந்த மாமியாரை மட்டும் அல்ல. அவரைப் பயமுறுத்தும் ஊரையும்தான்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள பயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பெபே மூர் கேம்பல் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். கறுப்பின மக்களில் ஒருவர். அவர் குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் வந்தது. கறுப்பர்கள் என்று ஏற்கெனவே இழிவாகப் பார்க்கிறார்கள், இதையும் சொன்னால் என்ன ஆகும் என்று அங்கேயும் குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. கேம்பல் வாய் திறந்தார். தன்னைப் போன்ற குடும்பங்களை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்தார். 2006ஆம் ஆண்டு அவர் இறந்தார். 2008ஆம் ஆண்டு முதல் அந்த நாட்டில் ஜூலை மாதத்தை அவர் பெயரில் சிறுபான்மை மக்களின் மனநல விழிப்புணர்வு மாதமாக வைத்திருக்கிறார்கள்.

துவாவும் தவாவும்

நர்ஸ் தாயத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? அது சரியான காரியம் என்றே தோன்றுகிறது. நம்பிக்கையோடு சண்டை போட்டால் அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிப் பக்கமே வராது.

குஜராத்தில் மேசானா மாவட்டத்தில் உனாவா என்ற ஊர் உண்டு. அங்கே மீரா தாதார் தர்கா இருக்கிறது. மனசு பாதிக்கப்பட்டவர்களை எல்லா மதத்தாரும் அங்கே கூட்டி வருகிறார்கள். 2008ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு ஏற்பாடு நடக்கிறது. மனநல மருத்துவர்கள் தர்காவுக்கே வந்து உட்கார்ந்தார்கள். முதலில் தர்காவின் முஜாவர்களோடு பேசிப் பழகினார்கள். எது மனநோய் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வருகிறவருக்கு முஜாவர் துவா ஓதுகிறார். பிறகு 'அந்த அறைக்குப் போய் டாக்டரையும் பாருங்கள்' என்கிறார். துவா என்றால் வேண்டுதல். தவா என்றால் மருந்து. இரண்டும் ஒரே வாசலில். முஜாவர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் நம்பிக்கை இப்படி நல்ல வழியில் போகவில்லை. அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, சங்கிலியால் கட்டுவது என்று நடக்கிற இடங்களும் இருந்தன. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே மனநலம் பாதிக்கப்பட்டவர்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களை அங்கே விட்டவர்கள் யார்? கொடியவர்கள் அல்ல. அண்ணன், அப்பா, கணவன். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், பக்கத்தில் மருத்துவமும் இல்லாமல், எங்கேயாவது குணமாகட்டும் என்று விட்டவர்கள்.

அதன் பிறகு சுப்ரீம் கோர்ட் தானாகவே இதைக் கையில் எடுத்தது. மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவுகள் போட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநலம் பாதித்தவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், வீடு இல்லாதவர்களுக்கும் அது இலவசம். அவருடைய நோய் விவரத்தை ஆஸ்பத்திரி ஊருக்குச் சொல்லக் கூடாது. தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமித்துக்கொள்ளலாம். உங்களுக்கு இது தெரிந்தால், யாராவது 'கட்டிப் போட்டால்தான் அடங்குவான்' என்று சொல்லும்போது பதில் சொல்லலாம்.

டாக்டர் எங்கே?

நல்ல கேள்வி. மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் குறைவு. அவர்களும் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். பஸ் ஏறி நாலு மணி நேரம் போக வேண்டும். கூலி போகும். கூடப் போகிறவரின் கூலியும் போகும்.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டம். இப்போது பள்ளாரி என்கிறார்கள். 1980களில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அங்கே போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் சாதாரண டாக்டர்களுக்கே மனநோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். சுகாதார ஊழியர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போகும் ஊழியர், யார் மருந்தை நிறுத்திவிட்டார், யார் மறுபடி வரவில்லை என்று பார்த்துச் சொன்னார். மாத்திரை பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. பெங்களூர் போக வேண்டியதில்லை.

இது நடக்கும் என்று தெரிந்தது. 1996ஆம் ஆண்டு இதைப் பார்த்து மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கினார்கள். முதலில் நாடு முழுக்க நாலு மாவட்டம். அதில் ஒன்று நம் திருச்சி. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் டாக்டர் இருப்பார், மாத்திரை இருக்காது. சில இடங்களில் மாத்திரை இருக்கும், டாக்டர் மாறிப் போயிருப்பார். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கிடைக்கும். கிராம சபையில் ரோடு கேட்கிறோம், குழாய் கேட்கிறோம். இதையும் கேட்கலாம்.

கோவாவில் இன்னும் ஒரு படி போனார்கள். டாக்டர் அல்லாத, நர்ஸும் அல்லாத பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். வருகிறவரிடம் நிதானமாகப் பேசினார்கள். 'உங்களுக்கு இருப்பது இந்த நோய். இது பலருக்கும் வரும். மூச்சை இப்படி விடுங்கள். தூக்கம் வர இப்படிச் செய்யுங்கள்' என்றார்கள். பிரச்சினையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மருந்து தேவைப்பட்டவரை டாக்டரிடம் அனுப்பினார்கள். அரசு சுகாதார நிலையங்களில் இப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விட அதிகம் பேர் குணமானார்கள். 2010ஆம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் இது வெளியானது.

இதிலிருந்து நாம் ஒன்று தெரிந்துகொள்ளலாம். மருந்து கொடுக்க டாக்டர் வேண்டும். காது கொடுக்க டாக்டர் வேண்டியதில்லை.

காது கொடுப்பது எப்படி?

இதுதான் கஷ்டமான வேலை. ஒருவர் நம்மிடம் வந்து, 'எனக்கு வாழவே பிடிக்கவில்லை' என்கிறார். நாம் உடனே என்ன சொல்கிறோம்? 'சீ, என்ன பேச்சு இது? தைரியமாக இரு' என்கிறோம். 'உனக்கு என்ன குறைச்சல்?' என்கிறோம். 'என் கஷ்டத்தைக் கேட்டால் நீ அழுதுவிடுவாய்' என்று நம் கதையைத் தொடங்குகிறோம். அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

கால் உடைந்தவரிடம் 'தைரியமாக நட' என்று சொல்வோமா? இதுவும் அப்படித்தான்.

பேச்சை நிறுத்துங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். சும்மா இருந்தாலும் இருங்கள். 'எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். 'டாக்டரிடம் போகலாமா? நானும் வருகிறேன்' என்று சொல்லுங்கள். இந்த 'நானும் வருகிறேன்' பெரிய வார்த்தை. பாதிப் பேர் தனியாகப் போகப் பயந்துதான் போகாமல் இருக்கிறார்கள்.

அவர் சொன்னதை டீக்கடையில் போய்ச் சொல்லாதீர்கள்.

சாக வேண்டும் என்று நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாக ஆகுமோ என்று பயப்படுகிறோம். ஆகாது. கேட்டால் பாரம் இறங்கும். அப்படி நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு இடத்தில் வைத்துப் பூட்டுங்கள், சாவியை வேறு ஒருவர் வைத்திருக்கட்டும். அந்த வேகம் வந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

முன்பெல்லாம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் வரும். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போக மாட்டார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. அப்படிச் செய்தவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாத்திரையைப் பற்றிச் சில வார்த்தை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை தலைவலி மாத்திரை போல அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். 'பத்து நாள் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். அது ஒரு தப்பு. 'நன்றாகிவிட்டது, இனி எதற்கு?' என்று தானே நிறுத்துவது இன்னொரு தப்பு. நோய் திரும்பி வரும். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். தூக்கக் கலக்கம், வாய் உலர்வது, கை நடுக்கம், உடம்பு பெருப்பது என்று ஏதாவது வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தருவார். மருந்து சாப்பிடும்போது சாராயம் கூடாது.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் ஊர் ஊராக நடக்கிறது. இதைப் போல் கெடுதல் வேறு இல்லை. மறைத்துக் கட்டி வைக்கிறார்கள். மருந்து சாப்பிட்டால் தெரிந்துவிடும் என்று மருந்தையும் நிறுத்துகிறார்கள். நோய் முற்றுகிறது. வந்த பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகிறது. குணமானவர் கல்யாணம் செய்துகொள்ளலாம். பிள்ளை பெறலாம். ஆனால் சொல்லிச் செய்ய வேண்டும்.

குணமாகி வருகிறவருக்கு வேலை வேண்டும். மாடு பார்ப்பதோ, கடையில் பொட்டலம் கட்டுவதோ, ஏதோ ஒன்று. முதலில் அரை நாள். 'இவனால் முடியாது' என்று நாமே ஒதுக்கி வைத்தால் அவர் மூலையில் உட்கார்ந்துவிடுவார். அரசின் கிராம வேலைத் திட்டத்தில் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நோய் நீடித்து வேலை செய்ய முடியாமல் இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் தருவார்கள்.

கடைசியாக, அவரைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் தாயையும் மறந்துவிடாதீர்கள். இருபது வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கே போகாதவராக இருப்பார். 'நான் ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்விட்டு வா அக்கா' என்று சொல்லிப் பாருங்கள்.

போனில் பேசலாம்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அதன் பெயர் டெலி மானஸ். எண் 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. எந்த நேரமும் கூப்பிடலாம். நடு ராத்திரியிலும் கூப்பிடலாம். காசு இல்லை. தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நோய் உள்ளவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. அவருடைய அம்மா பேசலாம். பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம்.

உங்கள் மையத்தில் எல்லோரும் சேர்ந்து இந்தப் பாடத்தைப் படித்த பிறகு, இரண்டு பேர் அரசு மருத்துவமனைக்குப் போய் விவரம் கேட்டு வாருங்கள். கீழே உள்ள இடத்தில் எழுதுங்கள். சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். 

மனநல டாக்டர் வரும் மருத்துவமனை: ....................

வரும் கிழமை, நேரம்: ....................

எந்த அறை: ....................

நம் ஊரிலிருந்து போகும் பஸ்: ....................

நம் ஊரில் துணைக்கு வர ஒப்புக்கொண்டவர்கள் பெயர்: ....................